கெட்ட செய்திய முதல்லயே சொன்ன பேச்சு: இண்டியானாபொலிஸ், 1968 ஏப்ரல் 4

மேடைப் பேச்சுக்கு ட்ரெய்னிங் குடுக்குற இடத்துல வழக்கமா என்ன சொல்லுவாங்கன்னா, ஒரு கதையோட ஆரம்பிங்க, கூட்டத்த முதல்ல சிரிக்க வைங்க, பெரிய விஷயத்த கடைசி வரைக்கும் கைல வச்சிருங்க, கண்ண இங்க வைங்க, கைய இப்படி ஆட்டுங்க. இதுல எதையுமே செய்யாத ஒரு 5 நிமிஷ பேச்ச எடுத்து வரி வரியா பிரிச்சு பாக்கலாம்னு இருக்கேன். பேசினது ராபர்ட் கென்னடி, இடம் இண்டியானாபொலிஸ், நாள் 1968 ஏப்ரல் 4, வியாழக்கிழமை ராத்திரி. கருப்பின மக்களோட உரிமைக்காக போராடின தலைவர் மார்ட்டின் லூதர் கிங்க சுட்டு கொன்னுட்டாங்கங்கிற செய்திய, பெரும்பாலும் கருப்பின மக்களே இருந்த ஒரு கூட்டத்துக்கு ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதி நேர்ல சொல்லணும். சொன்னாரு, கூட்டம் அமைதியா வீட்டுக்கு போச்சு. எனக்கு இதுல பட்டது ஒண்ணே ஒண்ணு தான்: அவர் எதுக்கு அப்புறம் எதை சொன்னாருங்கிற வரிசை தான் அந்த பேச்ச காப்பாத்துச்சு. ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முன்னாடி வந்த வாக்கியத்த நம்பி தான் நிக்குது, அத இடம் மாத்தி வச்சு யோசிச்சு பாத்தீங்கன்னா அதே வார்த்தைங்க எவ்ளோ ஆபத்தானதுன்னு தெரியும்.

அன்னிக்கு நிலைமை

கென்னடி அப்ப நியூயார்க் செனட்டர், வயசு 42. ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிறேன்னு மார்ச் 16ந்தேதி தான் அறிவிச்சிருந்தாரு, மார்ச் 31ந்தேதி அப்ப ஜனாதிபதியா இருந்த லிண்டன் ஜான்சன் டிவில வந்து நான் மறுபடி நிக்கலன்னு சொல்லிட்டாரு, நாடே குழம்பி கிடந்த நேரம். கென்னடி இறங்கின முதல் பிரைமரி, அதாவது கட்சியோட வேட்பாளர தேர்ந்தெடுக்குற தேர்தல், இண்டியானா, ஓட்டுப்பதிவு மே 7. அதுக்கான பிரச்சாரத்துல ஏப்ரல் 4 பகல்ல நோட்ர டேம் யுனிவர்சிட்டில பேசிட்டு, அப்புறம் மன்சி ஊர்ல பால் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு போறாரு. அங்க ஒரு கருப்பின மாணவர் எழுந்து ஒரு கேள்வி கேக்குறாரு, நீங்க வெள்ளை அமெரிக்கா மேல ரொம்ப நம்பிக்கை வச்சு பேசுறீங்களே, அந்த நம்பிக்கைக்கு தகுதி இருக்கான்னு. கென்னடி இருக்குன்னு சொல்றாரு, ரெண்டு பக்கமும் பெரும்பாலான மனுஷங்க நல்லதையே விரும்புறாங்கங்கிற மாதிரி பதில்.

அங்கேருந்து விமானம் ஏறுறப்ப தான் மெம்பிஸ்ல கிங் மேல துப்பாக்கி சூடுன்னு தகவல் வருது. லொரெய்ன் மோட்டல் பால்கனில சாயங்காலம் 6 மணிக்கு மேல சுட்டிருக்காங்க, ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரில உயிர் போயிருச்சு, கிங்குக்கு வயசு 39. இறந்துட்டாருங்கிறது இண்டியானாபொலிஸ்ல தரை இறங்கின பிறகு தான் கென்னடிக்கு தெரியுது. இப்ப தானே அந்த பையன்கிட்ட நம்பிக்கை வைக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன், அதுக்குள்ள இப்படியாங்கிற தவிப்பு விமானத்துலயே அவர ஆட்டி வச்சதுன்னு கூட இருந்த பத்திரிகைக்காரங்க பதிவு பண்ணிருக்காங்க. இத மனசுல வச்சுக்கோங்க, பேச்சோட கடைசி பகுதி இதுலேருந்து தான் வருது.

கூட்டம் 17வது தெருவும் பிராட்வேயும் சேர்ற இடத்துல, கருப்பின மக்கள் வாழ்ற ஏழைப் பகுதில, திறந்தவெளில. போகாதீங்கன்னு மேயர் ரிச்சர்ட் லூகர் தரப்புல சொல்றாங்க, பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லன்னு போலீஸும் சொல்லுது. மனைவி எத்தல ஹோட்டலுக்கு அனுப்பிட்டு இவர் மட்டும் போறாரு. உதவியாளர்கள் அவசரமா குறிப்பு எழுதி தராங்க, அவர் அத பயன்படுத்தல. ஒரு லாரியோட பின் தட்டு தான் மேடை. குளிர், ராத்திரி, சுத்தி 2,500 பேர் கிட்ட இருந்திருப்பாங்கன்னு பொதுவா சொல்றாங்க. இதுல ஒரு முக்கியமான விஷயம் என்னன்னா முன்னாடி நின்னவங்க இடம் புடிக்க ரொம்ப நேரம் முன்னாடியே வந்தவங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கையில கென்னடி பேரு போட்ட அட்டைய புடிச்சுக்கிட்டு உற்சாகமா நிக்கிறாங்க. ஓரத்துல லேட்டா வந்து சேர்ந்தவங்களுக்கு ரேடியோ மூலமா செய்தி தெரியும், அங்க கோபம் ஏற்கனவே ஏறிட்டு இருக்கு. ஒரே கூட்டத்துக்குள்ள ரெண்டு கூட்டம். எந்த பேச்சாளருக்கும் இது மாதிரி ஒரு சோதனை வரக்கூடாது.

முதல் அரை நிமிஷம்

ரெக்கார்டிங்ல முதல்ல கேக்குறது பேச்சே இல்ல. பக்கத்துல இருக்கவங்கள பாத்து, கிங் விஷயம் இவங்களுக்கு தெரியுமான்னு ஒரு கேள்வி. நீங்களே சொல்லிக்கலாம்னு உங்களுக்கு விட்டு வச்சிருக்கோம்னு பதில் வருது. அப்புறம் மைக்ல, "பெரியோர்களே, தாய்மார்களே" மாதிரி அவங்க ஊர் வழக்கப்படி ஒத்த வரி வணக்கம், நான் ஒண்ணு ரெண்டு நிமிஷம் தான் பேச போறேன், உங்க எல்லாருக்கும் ரொம்ப துக்கமான ஒரு செய்தி இருக்கு. இங்க நிறுத்துறாரு. அந்த அட்டைய எல்லாம் கொஞ்சம் கீழ இறக்குறீங்களான்னு கேக்குறாரு. மறுபடி, ரொம்ப துக்கமான செய்தி, உங்களுக்கும், நம்ம சக குடிமக்களுக்கும், உலகம் பூரா அமைதிய நேசிக்கிறவங்களுக்கும், இன்னிக்கு ராத்திரி மெம்பிஸ்ல மார்ட்டின் லூதர் கிங்க சுட்டாங்க, அவர் இறந்துட்டாரு. கூட்டத்துலேருந்து ஒரு அலறல் கிளம்புது, அது இன்னிக்கு கேட்டாலும் உடம்ப உலுக்குது.

இந்த அரை நிமிஷத்துல நடந்தத நான் டாக்டர்கள் பயன்படுத்துற ஒரு முறையோட வச்சு பாக்குறேன். புற்றுநோய் நோயாளிக்கு கெட்ட செய்திய எப்படி சொல்றதுன்னு ஸ்பைக்ஸ்னு ஒரு ஆறு படி முறைய 2000ல வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் உள்ளிட்டவங்க வெளியிட்டாங்க, இப்ப மருத்துவம் படிக்கிற பல பேருக்கு இது பாடமாவே சொல்லித் தராங்க. முதல்ல இடத்த சரி பண்ணு, அப்புறம் எதிர்ல இருக்கவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு தெரிஞ்சுக்கோ, எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாங்கன்னு கேளு, பிறகு ஒரு முன்னெச்சரிக்கை வாக்கியத்தோட விஷயத்த தெளிவான வார்த்தைல சொல்லு, வர்ற உணர்ச்சிய ஏத்துக்கோ, கடைசில அடுத்து என்னன்னு சொல்லு. இப்ப அந்த லாரி மேல நடந்தத பாருங்க. இவங்களுக்கு தெரியுமான்னு கேட்டாரு, அது ரெண்டாவது படி. அட்டைய இறக்க சொன்னாரு, அது முதல் படி. துக்கமான செய்தி இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னாரு, அது முன்னெச்சரிக்கை. சுட்டாங்க, இறந்துட்டாருன்னு மழுப்பாம சொன்னாரு, அது நாலாவது. மூணாவது படி மட்டும் இல்ல, 2,500 பேர்கிட்ட எவ்வளவு தெரியணும்னு கேக்க முடியாது. அந்த முறை எழுதப்படுறதுக்கு 32 வருஷம் முன்னாடி, எந்த குறிப்பும் இல்லாம, ஒரு மனுஷன் உள்ளுணர்வுல இத செஞ்சிருக்காரு. செய்தி சொல்ற மனுஷனுக்கு முன்னாடி இருக்கவங்க மேல நிஜமான அக்கறை இருந்தா இந்த வரிசை தானா வரும்னு தான் எனக்கு தோணுது, ஏன்னா கெட்ட செய்தி வாங்கி அனுபவப்பட்டவங்களுக்கு தெரியும், சுத்தி வளைச்சு பேசறவங்க முன்னாடி நின்னு காத்துட்டு இருக்குற அந்த நிமிஷம் தான் தாங்கவே முடியாதது.

அந்த அட்டை விஷயத்த இன்னும் கொஞ்சம் பாக்கணும். அது ஓட்டு கேக்குற கூட்டம். அட்டை இறங்கின அந்த நொடில அது இரங்கல் கூட்டம் ஆயிருச்சு, தன் பேர தானே கண்ணு முன்னாடிலேருந்து எடுக்க சொல்லிட்டாரு. அதுக்கு அப்புறம் அந்த 5 நிமிஷத்துல தேர்தல்ங்கிற பேச்சே இல்ல, எனக்கு ஓட்டு போடுங்கன்னு இல்ல, நான் வந்தா மாத்துவேன்னு இல்ல. நம்ம ஊர்ல அவர்களே அவர்களேன்னு பத்து நிமிஷம் பேரு வாசிச்சிட்டு தான் விஷயத்துக்கு வருவோம், சாதாரண விழாவுல அது மரியாதை, அத நான் குறை சொல்லல, ஆனா துக்க செய்தி சொல்ற எடத்துல பேச்சாளர் பத்தின ஒவ்வொரு வார்த்தையும் செய்திக்கும் கேக்குறவங்களுக்கும் நடுவுல வந்து நிக்கும்.

கோபத்துக்கு முதல்ல எடம்

செய்தி சொன்ன உடனே ரெண்டு வரி கிங் பத்தி. மனுஷங்களுக்கு நடுவுல அன்புக்கும் நீதிக்கும் தன் வாழ்க்கைய குடுத்தாரு, அதுக்காகவே செத்தாரு. அவ்வளவு தான், வாழ்க்கை வரலாறு கிடையாது. உடனே இந்த நேரத்துல நாம எப்படிப்பட்ட நாடு, எந்த திசைல போகணும்னு கேட்டுக்கணும்னு ஒரு வரி. அடுத்து வர்ற வாக்கியம் தான் இந்த பேச்சுலயே துணிச்சலானதுன்னு நான் நினைக்கிறேன். உங்கள்ல கருப்பினத்தவங்களா இருக்கவங்களுக்கு, இதுக்கு பொறுப்பு வெள்ளைக்காரங்க தான்னு தெரிய வர்ற நிலைமைல, கசப்பும் வெறுப்பும் பழிவாங்கணும்ங்கிற ஆசையும் நிறைஞ்சு போகலாம்னு சொல்றாரு.

கொலையாளி யாருன்னு அப்ப பேர் தெரியாது, ஜேம்ஸ் ஏர்ல் ரே பிடிபட்டது ஜூன் மாசம் லண்டன்ல. பொதுவா இந்த இடத்துல ஒரு அரசியல்வாதி என்ன செய்வாரு, விசாரணை நடக்குது, வதந்திய நம்பாதீங்கன்னு சொல்லுவாரு. இவர் அந்த கூட்டம் மனசுக்குள்ள என்ன ஓடுதோ அத அவங்க வாயால வர்றதுக்கு முன்னாடி தன் வாயால சொல்லிட்டாரு. யாரு செஞ்சிருப்பாங்கன்னு நீங்க நினைக்கிறீங்கன்னு எனக்கு தெரியும், பழிவாங்க தோணும்னும் தெரியும். அது தப்புன்னு அவர் சொல்லவே இல்லங்கிறத கவனிங்க. அந்த பக்கம் போகலாம், நாடா நாம பிளவுபட்டு, கருப்பு ஒரு பக்கம் வெள்ளை ஒரு பக்கம்னு ஒருத்தர் மேல ஒருத்தர் வெறுப்போட நிக்கலாம், இல்லன்னா கிங் முயற்சி பண்ண மாதிரி புரிஞ்சுக்க முயற்சி பண்ணலாம். ரெண்டு வழியும் திறந்தே இருக்கு, தேர்ந்தெடுக்கிறது நீங்க.

அதே ராத்திரி ஜனாதிபதி ஜான்சனும் டிவில பேசினாரு. கிங்க சாய்ச்ச கண்மூடித்தனமான வன்முறைய ஒவ்வொரு குடிமகனும் நிராகரிக்கணும்னு கேட்டுக்கிட்டாரு. நல்ல வார்த்தை தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அவருக்கு முன்னாடி கேமரா தான் இருந்துச்சு, முகங்கள் இல்ல. ஆனா கேக்குறவன் பக்கத்துலேருந்து பாருங்க, என் தலைவர கொன்னுட்டாங்க, எனக்கு முதல்ல வர்ற அறிவுரை நீ வன்முறை பண்ணாதேன்னு. கோபம் நியாயமானதுன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடியே கோபத்த அடக்குன்னு சொன்னா அது காதுல ஏறாது. கென்னடி அந்த படிய தாண்டி போகல, அதுல நின்னு கால் வச்சு தான் அடுத்ததுக்கு ஏறுறாரு.

அண்ணன் பத்தி ஒரு வரி

இப்ப வர்றது தான் எல்லாரும் மேற்கோள் காட்டுற பகுதி. இந்த அநியாயத்தால எல்லா வெள்ளைக்காரங்க மேலயும் வெறுப்பும் அவநம்பிக்கையும் வரணும்னு உங்களுக்கு தோணுச்சுன்னா நான் சொல்றது இவ்வளவு தான், அதே உணர்வ என் நெஞ்சுலயும் என்னால உணர முடியுது, என் குடும்பத்துல ஒருத்தர கொன்னாங்க, ஆனா அவர கொன்னது ஒரு வெள்ளைக்காரன்.

இவரோட அண்ணன், ஜனாதிபதியா இருந்த ஜான் கென்னடி கொல்லப்பட்டது 1963 நவம்பர் 22, நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த நாலு வருஷமும் இவர் அந்த கொலைய பத்தி பொதுமேடைல பேசறத தவிர்த்தே வந்தவரு. இங்க கூட பேர் சொல்லல, அண்ணன்னு சொல்லல, ஜனாதிபதின்னு சொல்லல, குடும்பத்துல ஒருத்தர். ஒத்த வாக்கியம், உடனே ஆனாலும் நாம ஒரு முயற்சி எடுக்கணும்னு நகர்ந்துட்டாரு.

இந்த வரி ரொம்ப ஆபத்தானது, அது ஏன் வெடிக்கலங்கிறது தான் கேள்வி. உன் துக்கமும் என் துக்கமும் ஒண்ணுன்னு ஒரு பணக்கார வெள்ளைக்காரர் ஏழை கருப்பின மக்கள்கிட்ட சொன்னா அது அவமானமா தோணலாம், கருப்பின மக்களுக்கு வந்த கொலை ஒரு இனத்து மேல தொடர்ந்து நடந்த வன்முறையோட பகுதி, கென்னடி குடும்பத்துக்கு வந்தது அப்படி இல்ல. தர்க்கமா பாத்தாலும் அந்த "ஆனா" சரியா உக்காரல. எனக்கு படுறது என்னன்னா இத காப்பாத்தினது மூணு விஷயம் சேர்ந்து. ஒண்ணு, கூட்டத்தோட கோபத்துக்கு முழு எடம் குடுத்த பிறகு தான் இது வருது, முதல் நிமிஷத்துல வந்திருந்தா கதை அவர பத்தினதா ஆயிருக்கும். இன்னொண்ணு அதோட நீளம், கண்ணீர் வரவைக்கிற விவரம் ஒண்ணு கூட இல்ல. அப்புறம் அது எந்த கோரிக்கைக்கும் சாட்சியா நிக்கல, நான் மன்னிச்சேன் அதனால நீங்களும் மன்னிங்கன்னு அவர் சொல்லல, அதே உணர்வு என்கிட்டயும் இருக்குன்னு மட்டும் தான் சொன்னாரு, வெறுப்ப ஜெயிச்சவரா இல்லாம வெறுப்பு தெரிஞ்சவரா நின்னாரு.

பேச்சாளரோட தகுதி பத்தி பேசுறப்ப இன்னொரு பக்கத்தையும் வைக்கணும். 1960 அக்டோபர்ல கிங் ஜார்ஜியாவுல ஜெயில்ல இருந்தப்ப நீதிபதிக்கு போன் பண்ணி விடுதலைக்கு உதவினது இதே ராபர்ட் கென்னடி. 1963 அக்டோபர்ல அட்டர்னி ஜெனரலா, நம்ம ஊர் சட்ட அமைச்சர் மாதிரி, இருந்தப்ப கிங்கோட போன ஒட்டு கேக்க எஃப்.பி.ஐ.க்கு கையெழுத்து போட்டு அனுமதி குடுத்ததும் இதே ராபர்ட் கென்னடி. ரெண்டாவது விஷயம் அந்த ராத்திரி கூட்டத்துக்கு தெரியாது. இத படிக்கிறப்ப எனக்கு வருத்தம் வருது, அதே நேரம் ஆய்வுன்னு வந்தா மறைக்க முடியாது. ஒரு பேச்சு வேலை செய்ய கேக்குறவங்க கண்ணுல பேச்சாளருக்கு இருக்குற மதிப்பு போதும், அந்த மதிப்பு முழு உண்மைய காட்டுதாங்கிறது வேற கேள்வி.

கிரேக்க கவிதை ஏன் அங்க

அடுத்து யாரும் எதிர்பாக்காத திருப்பம், எனக்கு பிடிச்ச கவிஞர் ஈஸ்கிலஸ்னு ஆரம்பிக்கிறாரு. 2,400 வருஷத்துக்கு முந்தின கிரேக்க நாடகக்காரர். தூக்கத்துல கூட மறக்க முடியாத வலி சொட்டு சொட்டா நெஞ்சு மேல விழுது, கடைசில நம்ம நம்பிக்கையெல்லாம் போன நிலைமைல, நாம வேண்டாம்னு நின்னாலும், கடவுளோட பயங்கரமான கருணையால ஞானம் வருது. அண்ணன் செத்த துக்கத்துல இருந்தப்ப அண்ணி ஜாக்குலின் குடுத்த ஈடித் ஹாமில்டன் புத்தகத்துல படிச்சு மனசுல பதிஞ்ச வரிங்க இது, எதையும் பாக்காம சொல்றாரு, அச்சுல இருந்ததுலேருந்து ஒரு சொல் லேசா மாறி வருது.

படிப்பு காட்டுற மேற்கோளா இது தெரிஞ்சிருக்கணும். தெரியல, ஏன்னா இதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் அவரோட குடும்பத்துல நடந்த கொலைய சொன்னாரு. இந்த மனுஷன் இந்த வரிகள எங்கேருந்து எடுத்துக்கிட்டு வந்தாருன்னு கூட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. ஒப்பாரி வைக்கிற வீட்ல ஒரு பாட்டி பழைய பாட்ட எடுத்தா யாரும் அது எந்த காலத்துதுன்னு கேக்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரி. அண்ணன் வரி இல்லாம ஈஸ்கிலஸ மட்டும் வச்சிருந்தா மேல்தட்டு ஆளோட பேச்சா போயிருக்கும், ஈஸ்கிலஸ் இல்லாம அண்ணன் வரி மட்டும்னா பேச்சு அவர்கிட்டயே நின்னுருக்கும். கவிதை அந்த துக்கத்த அவர்கிட்டேருந்து எடுத்து எல்லாருக்கும் பொதுவாக்குது.

வீட்டுக்கு போங்க

இதுக்கு அப்புறம் தான் பேச்சோட ஒரே அலங்காரமான பகுதி, அமெரிக்காவுக்கு தேவை பிரிவினை இல்ல, அமெரிக்காவுக்கு தேவை வெறுப்பு இல்ல, அமெரிக்காவுக்கு தேவை வன்முறையும் சட்டமீறலும் இல்ல, அன்பும் ஞானமும் ஒருத்தர் மேல ஒருத்தர் இரக்கமும், இன்னும் கஷ்டப்படுறவங்களுக்கு நீதியும் தான், அவங்க வெள்ளையா இருந்தாலும் கருப்பா இருந்தாலும். கைத்தட்டல் வருது. அடுக்கு மொழி எங்க வச்சா எடுபடும்னு பாருங்க, பாதிக்கு மேல போன பிறகு, கூட்டம் அழுது கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு. ஆரம்பத்துலயே இந்த அடுக்கு வந்திருந்தா தேர்தல் மேடை சத்தமா தான் கேட்டிருக்கும்.

அப்புறம் கோரிக்கை. இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போங்க, கிங் குடும்பத்துக்காக பிரார்த்தனை பண்ணுங்க. இந்த வாக்கியத்துக்கு நடுவுல ஆமா, அது உண்மை தான்னு ஒரு சின்ன துண்டு வருது, கூட்டத்துல யாரோ நம்ப முடியாம ஏதோ சொன்னதுக்கு வாக்கியத்த பாதில விட்டு பதில் சொன்ன மாதிரி தான் அது கேக்குது. செய்தி சொல்லி சில நிமிஷம் ஆன பிறகும் ஒருத்தருக்கு இன்னும் உள்ள இறங்கலங்கிறத காதுல வாங்கி, நின்னு, அவருக்கு மட்டும் மறுபடி சொல்லிட்டு தொடர்றாரு. எழுதி வச்சு படிச்சிருந்தா இந்த துண்டு வந்திருக்காது.

கோரிக்கை எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. வீட்டுக்கு போறது, பிரார்த்தனை பண்றது. அந்த மனநிலைல இருக்கவங்களால உடனே செய்ய முடிஞ்சது. அதோட அவர் எதையும் உறுதி குடுக்கல. கஷ்டமான காலம் இருந்துச்சு, இனியும் வரும், வன்முறை இதோட முடிஞ்சுடாது, சட்டமீறல் முடிஞ்சுடாது, கலவரம் முடிஞ்சுடாதுன்னு வெளிப்படையா சொல்றாரு. இத சொன்ன பிறகு தான் வெள்ளையர்லயும் சரி கருப்பினத்தவர்லயும் சரி மிகப் பெரும்பான்மையானவங்க சேர்ந்து வாழ தான் விரும்புறாங்கன்னு வருது. பகல்ல பால் ஸ்டேட் மாணவருக்கு சொன்ன அதே பதில். பகல்ல அது நம்பிக்கை, ராத்திரி அதே வார்த்தைய சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க, அதனால தான் அதுக்கு முன்னாடி அந்த கசப்பான ஒப்புதல் தேவைப்பட்டுது. மனுஷனோட காட்டுத்தனத்த அடக்கி இந்த உலக வாழ்க்கைய மென்மையாக்குவோம்னு கிரேக்கர்கள் எழுதினதுக்கு நம்மள அர்ப்பணிப்போம்னு முடிச்சிட்டு இறங்கிட்டாரு.

பேச்சால தான் நகரம் அமைதியா இருந்துச்சா

அடுத்த சில நாள்ல அமெரிக்காவுல 100க்கும் மேல நகரங்கள்ல கலவரம், 40 பேர் கிட்ட செத்தாங்க, வாஷிங்டன், சிகாகோ, பால்டிமோர் மூணுக்கும் ராணுவத்த அனுப்ப வேண்டி வந்துச்சு. இண்டியானாபொலிஸ்ல பெரிய கலவரம் இல்ல. இதுலேருந்து ஒரே தாவல்ல கென்னடி பேச்சு நகரத்த காப்பாத்துச்சுன்னு எழுதுறவங்க நிறைய பேர். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். அந்த பகுதில வாழ்ற கருப்பின தலைவர்களும் இளைஞர்களும் மக்கள்கிட்ட பேசி அமைதி காத்ததுல அவங்க பங்கு பெருசு, வெளியூர்லேருந்து வந்து 5 நிமிஷம் பேசினவருக்கு மொத்த பேரையும் குடுக்குறது அவங்களுக்கு செய்ற அநியாயம். பாஸ்டன் பாருங்க, அடுத்த நாள் கருப்பின பாடகர் ஜேம்ஸ் பிரவுன் கச்சேரிய ரத்து பண்ணாம டிவில நேரலையா போட்டாங்க, அந்த ராத்திரி அந்த நகரமும் பெரும்பாலும் அமைதியா இருந்துச்சு. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு காரணம். உறுதியா சொல்ல முடிஞ்சது என்னன்னா, அந்த இடத்துல நின்ன அந்த கூட்டம், பாதி பேர் கோபமா பாதி பேர் அதிர்ச்சில நின்ன கூட்டம், பேச்சு முடிஞ்சதும் கலைஞ்சு வீட்டுக்கு போச்சு. ஒரு பேச்சுக்கு அது போதுமான சாதனை.

பேச்சு முடிஞ்சதோட கென்னடியோட வேலை முடியலங்கிறதையும் சேத்துக்கணும். ஹோட்டலுக்கு போனதும் கிங்கோட மனைவி கொரெட்டாவுக்கு போன் பண்ணாரு, மெம்பிஸ்லேருந்து உடல கொண்டு வர விமானம் ஏற்பாடு பண்ணி குடுத்தாரு. உள்ளூர் கருப்பின தலைவர்களோட சந்திப்பும் அன்னிக்கே நடந்துச்சு, அது மரியாதை சந்திப்பா இல்ல, நல்ல சூடான வாக்குவாதம்.

இன்னிக்கு இத வச்சு என்ன பண்றதுன்னு கேட்டா, ஃபேக்டரி மூடுற செய்திய தொழிலாளிங்ககிட்ட சொல்ல வேண்டிய மேனேஜருக்கும், ஒரு மாணவன் இறந்தத ப்ரேயர்ல சொல்ல வேண்டிய தலைமை ஆசிரியருக்கும், கூட்டத்துக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு முதல்ல விசாரிக்கிறது, செய்திய முதல் மூணு வாக்கியத்துக்குள்ள நேரடியான வார்த்தைல சொல்றது, சொன்ன பிறகு அழவும் கத்தவும் நேரம் விடுறது, அவங்க மனசுல ஓடுற கோபத்த நீங்களே பேர் சொல்றது, செய்ய முடிஞ்ச ஒரு சின்ன காரியத்த கேக்குறது, இது அத்தனையும் அப்படியே எடுத்துக்கலாம். சொந்த துக்கத்த மட்டும் எடுத்துக்காதீங்க. கென்னடிக்கு அது இருந்துச்சு, உங்களுக்கு அந்த அளவு பொருந்துற ஒண்ணு இல்லன்னா அந்த இடம் காலியாவே இருக்கட்டும்.

மறுநாள் கிளீவ்லேண்ட்

வரிசை கேக்குறவங்கள பொறுத்து மாறும்ங்கிறதுக்கு சாட்சி அவர்கிட்டயே இருக்கு. ஏப்ரல் 5, மத்த பிரச்சாரத்த நிறுத்திட்டு ஒரே ஒரு நிகழ்ச்சி, கிளீவ்லேண்ட் சிட்டி கிளப். எதிர்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, வசதியானவங்க, நகரத்துல அதிகாரம் உள்ளவங்க. பேச்சு உதவியாளர்களோட சேர்ந்து எழுதினது, 10 நிமிஷம் கிட்ட. இங்க செய்தி சொல்ற வேலை இல்ல, எல்லாருக்கும் தெரியும். அதனால எடுத்த எடுப்புலயே தீர்ப்பு, இது வெட்கமும் துக்கமும் நிறைஞ்ச நேரம், அரசியல் பேசுற நாள் இல்ல. அண்ணன் பத்தி ஒரு வரி கூட வெளிப்படையா இல்ல. அதுக்கு பதிலா முந்தின ராத்திரி சொல்லாத ஒரு விஷயம் வருது: துப்பாக்கி குண்டு மாதிரியே கொல்ற இன்னொரு வன்முறை இருக்கு, மெதுவா கொல்றது, நிறுவனங்களோட வன்முறை, கண்டுக்காம இருக்குறது, ஒண்ணும் செய்யாம இருக்குறது, ஏழைங்கள வாட்டுறது, தோல் நிறம் வேறங்கிறதால மனுஷங்களுக்கு நடுவுல விஷம் கலக்குறது, பசில கிடக்குற குழந்தை, பள்ளிக்கூடத்துல புத்தகம் இல்லாம, குளிர்ல சூடு இல்லாத வீட்ல. இத இண்டியானாபொலிஸ்ல 17வது தெருவுல நின்னவங்ககிட்ட அவர் சொல்லல, அவங்க அதுக்குள்ள தான் தினமும் வாழ்ந்துட்டு இருந்தாங்க. சொல்ல வேண்டியது அத மாத்துற அதிகாரம் உள்ளவங்ககிட்ட, அவங்க முன்னாடி நின்னப்ப சொன்னாரு.